மனுதாரரே மொழிபெயர்ப்பாளர்

கேம்பல் பே,
12 ஜூன் 2023

அன்புத் தங்கை கேத்தரினுக்கு,

அண்ணன் ஜெபராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்கு உடம்பில் குறையொன்றும் இல்லை. இந்தத் தென்கோடித் தீவில் மழைதான் பிடித்த பிடியை விடவில்லை. உன் நலத்தையும், புரோத்ராபூர் வீட்டுக் கூரையின் நலத்தையும் அறிய விரும்புகிறேன்.

இனிக் கடிதமாகவே எழுதிக்கொள்வோம் என்று நீ கேட்டதை ஏற்கிறேன். தொலைபேசியில் நீ ஒரு வார்த்தையைத் தொடங்குவதற்குள் நான் அதை முடித்துவிடுகிறேன் என்றும், வாட்ஸ்அப்பில் உன் ஒற்றை விரல் இரண்டு சொற்களைத் தட்டுவதற்குள் என் பதில் வந்து நிற்கிறது என்றும் குறைப்பட்டிருந்தாய். குறை நியாயமானதா என்று நான் ஆராயவில்லை. முக்கியமான செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் அலுவலகக் கொள்கையும்கூட.

அப்படி ஒரு செய்தி இருக்கிறது. அம்மா இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பிறவியிலேயே மூளை முடக்குவாதத்தால் கைகால்களும் நாக்கும் பாதிக்கப்பட்ட ஒருவர் தனி வீட்டில் வாழ்வது முறையான ஏற்பாடு அல்ல. டெலானிபூரில் உள்ள எங்கள் அரசுக் குடியிருப்பில் ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தாய். ஈஸ்டருக்கு வீட்டைப் பார்த்துவரப் போனவள் திரும்பவில்லை. உன் அண்ணி சுபிதா கேட்டால் தலையை ஆட்டிவிட்டுச் சிரிக்கிறாயாம்.

ஆகவே, உன் சட்டப்பூர்வப் பாதுகாவலராக என்னை நியமிக்கக் கோரி, அதற்கென உள்ள குழுவிடம் மனு அளித்திருக்கிறேன். இதில் உனக்கு இழப்பு எதுவும் இல்லை. நீ எங்கே வசிப்பது, எந்த மருத்துவரிடம் காட்டுவது, எதில் கையெழுத்திடுவது ஆகிய சுமைகள் உன்னிடமிருந்து என்னிடம் வரும். அவ்வளவே. விசாரிக்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். நீ எதற்கும் பதற வேண்டியதில்லை. அவர் கேட்டால் ஆம் என்று தலையசைத்தால் போதும்.

குளியலறையில் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

என்றும் உன் நலம் நாடும் அண்ணன்,
ஜெ. ஜெபராஜ்


புரோத்ராபூர்,
1 ஜூலை 2023

அன்பு அண்ணனுக்கு,

கேத்தி. நலம். கூரை ஒழுகவில்லை. பாசியும் இல்லை.

இதை எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக் கணினியில் தட்டுகிறேன். ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. ஆகவே சுற்றி வளைக்க எனக்கு வசதி இல்லை. மனுவைத் திரும்பப் பெறுங்கள்.

டெலானிபூரில் நன்றாக இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணி என்னை ராணியைப் போல வைத்திருந்தார்கள், உண்மை. சாப்பாட்டில் முள் எடுத்து வைப்பார்கள். சன்னலோரம் உட்கார்த்திவிட்டுப் பள்ளிக்குப் போவார்கள். சாத்தம் துறைமுகத்துக்கு வரும் கப்பலையெல்லாம் பார்த்தேன். ஆனால் உங்கள் குடியிருப்பு மலைச்சரிவில் இருக்கிறது. கீழே இறங்கப் படிக்கட்டு மட்டும்தான். என்னை இருவர் தூக்கினால்தான் தெரு. பக்கத்து வீட்டுக்காரர்களை எத்தனை முறை கூப்பிடுவது? அண்ணிக்குக் கூச்சம், எனக்கும் கூச்சம். அந்த மாதம் முழுக்க என் கால் தரையைத் தொட்டது வீட்டுக்குள் மட்டும்தான்.

இங்கே வாசல் மட்டமாக இருக்கிறது. சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு ரேஷன் கடைவரை போகிறேன். அந்தக் கடைக்குச் சாய்தளம் போட வைத்ததே எங்கள் சங்கம்தான். உங்களுக்கு அது ‘நாலு பேர் கூடிப் பேசும் இடம்’. தலைவர் வெள்ளைச்சாமி அண்ணன், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், கச்சால் தீவில் ரப்பர் வெட்டியவர்கள். அவருக்குப் போலியோவில் கால் போனது. ரெங்கம்மாவுக்குக் கண் தெரியாது. வியாழன்தோறும் கூடுகிறோம். யாருக்கு அட்டை கிடைக்கவில்லை, யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்று கேட்டு, வேலையை ஆள் ஆளாகப் பிரித்துக்கொள்வோம்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. உங்களுக்கு விதி பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. வார்த்தை எடுத்துக்கொடுக்கவும் கூடாது. முதல் நாள் நான் பேசியபோது ஒருவர் தாங்காமல் உதவிக்கு வந்தார். வெள்ளைச்சாமி அண்ணன் சொன்னார்: “நீங்க சும்மா இருங்க தம்பி. தங்கச்சி சொல்லி முடிக்கட்டும். நமக்கு என்ன கப்பலா கெளம்புது?”

எல்லாரும் காத்திருந்தார்கள். நான் சொல்லி முடித்தேன். பெரிய விஷயமில்லை, மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.

அக்டோபரில் என்னைச் செயலாளராக்கப் போகிறார்கள். பாதுகாவலர் வந்துவிட்டால் என் கையெழுத்து செல்லாது, பொறுப்பும் கிடையாது என்று வக்கீல் சொன்னார். சுமை உங்களிடம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் என் கையெழுத்தும் போகிறது.

அன்புடன்,
கேத்தி


கேம்பல் பே,
14 ஜூலை 2023

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கப்பல் தபாலில் கிடைத்தது. இருமுறை படித்தேன். மனம் சோர்ந்தது.

உன் சங்கத்தாரைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் நீ விழுந்தால் உன்னைத் தூக்க வேண்டியவர்களில் ஒருவருக்குக் கால் இல்லை, மற்றவருக்குக் கண் இல்லை. இது ஏளனம் அல்ல, நிலவரம். நாளை உனக்கு ஏதாவது நேர்ந்தால், எந்த ஆவணமும் இல்லாமல் உன் பொருட்டு யார் எங்கே போய் நிற்பது? விதிமுறை என்பது நல்ல நாட்களுக்காக எழுதப்படுவதில்லை, கேத்தி.

இன்னொன்றையும் நீ மறந்துவிட்டாய். உன் பேச்சு முழுமையாகப் புரிகிற மனிதர் இன்று உலகத்தில் நான் ஒருவனே. அம்மாவுக்குக்கூடப் பாதிதான் புரியும். நீ பள்ளியில் சேர்ந்த நாளில் ஆசிரியைக்கு உன் பெயரைச் சொன்னவன் நான். வங்கியில், மருத்துவமனையில், எல்லா இடத்திலும் உன் வாயாக இருந்தவன் நான். பாவசங்கீர்த்தனத்தின்போதுகூட, நீ சொல்வது சாமியாருக்கு விளங்கவில்லை என்று, உன் அருகில் மண்டியிட்டு உன் பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை. இத்தனையையும் ஆவணம் இல்லாமலே செய்தவனுக்கு அந்த ஆவணத்தைத் தர மறுக்கிறாய். காரணம் எனக்கு விளங்கவில்லை.

களைப்பாக இருக்கிறது. அலுவலகத்தில் இருவர் வேலையை ஒருவனாகச் செய்கிறேன். மாறுதல் கேட்டு எழுதினால் பதில் வருவதில்லை. இரவில் படுத்தால் அம்மா கேட்பது போலிருக்கிறது, ‘அவளை யாரு பாக்கா’ என்று. மனுவைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கு இல்லை.

அன்புடன்,
ஜெ. ஜெபராஜ்


புரோத்ராபூர்,
5 ஆகஸ்ட் 2023

அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்பது சரி. ஆனால் நீங்கள் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும்போது எந்தப் பாவத்தை நான் சொல்வது? சீனி திருடியது, ஜெபத்தில் தூங்கியது. வருடா வருடம் அதே இரண்டு. சாமியார் சிரிப்பார். நீங்கள் சென்னைக்குப் படிக்கப் போனபோது, கப்பல் திரும்பிவிடக் கூடாதா என்று சபித்தேன். அதை யாரிடம் சொல்ல? நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்குமே. பிறகு, பாத்திமா மாதா கெபிக்கு வந்திருந்த ஒரு பையனைப் பற்றி. அதுவும் உள்ளேயே இருக்கிறது. அவன் இப்போது பேரன் எடுத்திருப்பான்.

இதைக் குற்றமாக எழுதவில்லை. காரணம் விளங்கவில்லை என்றீர்கள்.

விசாரணை அதிகாரி போன செவ்வாய் வந்தார். மரியாதையான மனிதர். நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, “சமஜ்தீ ஹை க்யா?” என்றார். எனக்குப் புரிகிறதா என்று அண்ணியிடம் கேள்வி. அண்ணி, “எல்லாம் புரியும் சார், பாவம், குழந்தை மாதிரி” என்றார்கள். நாற்பத்தொரு வயதுக் குழந்தை. ரெங்கம்மா மூலையில் இருந்தாள். “அரே சாப், அவகிட்டயே கேளுங்க. காது அவளுக்கு நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் இல்ல, அதுவும் எனக்கு” என்றாள். அவர் சிரித்துவிட்டார். என்னிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன். இரண்டாவது வார்த்தையில் கடிகாரம் பார்த்தார். எழுதி வைத்திருந்த ஆட்சேபத்தைக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, நல்ல நடை, யார் எழுதிக் கொடுத்தது என்றார்.

குழு செப்டம்பர் 11 அன்று கூடுகிறது. நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். அங்கே நான் வாயால் பேசப் போகிறேன். எனக்கு மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும், அண்ணன். நீங்கள்தான்.

கேத்தி


கேம்பல் பே,
19 ஆகஸ்ட் 2023

அன்புத் தங்கைக்கு,

நான் மனுதாரர். எதிர்த்தரப்பின் கூற்றை மனுதாரரே மொழிபெயர்ப்பது எந்த நடைமுறையிலும் சரியாகாது. உன் தரப்பில் வேறொருவரை ஏற்பாடு செய்துகொள். சங்கத் தலைவர் இருக்கிறாரே.

விடுப்பு கிடைத்துவிட்டது. எட்டாம் தேதி சாத்தம் வந்து சேருவேன். அலைகள் மோசம் என்கிறார்கள். சன்னல்களை இரவில் அடைத்துவை.

ஜெ. ஜெபராஜ்


புரோத்ராபூர்,
29 ஆகஸ்ட் 2023

அண்ணன்,

வெள்ளைச்சாமி அண்ணன் சொன்னால், சங்கத்தார் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். எழுதிக் கொடுத்தால் யாரோ எழுதியது என்பார்கள். எனக்கு எதிராக மனுப் போட்டவரே எழுந்து நின்று சொன்னால்தான் அது நான் சொன்னது என்று நம்புவார்கள்.

நீங்கள் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டீர்கள். இத்தனை வருடத்தில் எனக்கு உங்கள்மேல் எத்தனையோ கோபம். அந்தச் சந்தேகம் மட்டும் வந்ததில்லை.

கேத்தி


கேம்பல் பே,
24 செப்டம்பர் 2023

கேத்தரினுக்கு,

விசாரணை முடிந்ததும் உன்னிடம் பேசாமல் டெலானிபூர் போய்விட்டேன். மறுநாளும் வரவில்லை. கப்பல் ஏறும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை. அது முறையல்ல என்பது தெரிந்தே செய்தேன். ஆதலால் அன்று நடந்ததை என் தரப்பிலிருந்து எழுதி வைக்கிறேன்.

குழுத் தலைவர், ‘இந்தப் பெண் பேசுவது உங்களில் யாருக்குப் புரியும்’ என்று இந்தியில் கேட்டார். அறையில் ஒருவரும் அசையவில்லை. உன் சங்கத்தார்கூட வாய் திறக்கவில்லை. அது நீ சொல்லி வைத்தது என்று பிறகு சுபிதா மூலம் அறிந்தேன். நான் எழுந்தேன். மனுதாரர் என்ற முறையில் என் ஆட்சேபத்தைப் பதிவு செய்தேன். அவர், “ஆப் ஹீ போலியே” என்றார். நானே சொல்ல வேண்டுமாம். ஆகவே சொன்னேன்.

நீ தமிழில் சொன்னதை இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன். என் அண்ணன் நல்லவர் என்றாய்; சொன்னேன். அவரோடு இருக்க மறுக்கவில்லை, அவர் கையில் இருக்க மறுக்கிறேன் என்றாய். அதற்குச் சரியான இந்திச் சொல் கிடைக்கத் தடுமாறி, கண்டுபிடித்துச் சொன்னேன். பிறகு, “அண்ணன் இல்லாவிட்டால்” என்று தொடங்கினாய். உனக்கு மூச்சு வாங்கியது. நான், “அண்ணன் இல்லாவிட்டால் என்னால் வாழ்ந்திருக்க முடியாது” என்று முடித்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் வரும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

நீ தலையை ஆட்டினாய். உன் சங்கத்தார் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது, அவ்வளவுதான் சத்தம். நீ மறுபடி முதலிலிருந்து தொடங்கினாய். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. எனக்கு நீண்டது. முழுதும் கேட்ட பிறகு எழுந்து, முந்தைய வாக்கியம் மொழிபெயர்ப்பாளரின் பிழை, அதை நீக்கிவிட்டுப் பின்வருமாறு பதிவு செய்க என்று கேட்டுக்கொண்டேன்: “அண்ணன் இல்லாவிட்டால், எனக்காகக் காத்திருக்க ஊர் பழகியிருக்கும்.”

என் வாயால் சொன்னேன். எழுத்தர் எழுதிக்கொண்டார். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் விருப்பத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்பவருக்குப் பாதுகாவலர் தேவையில்லை என்று மனு தள்ளுபடியாயிற்று. முடிவு சட்டப்படி சரி. நான் அந்த இருக்கையில் இருந்திருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

வெளியே வராந்தாவில் வெள்ளைச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க பெரிய மனுசன்” என்றார். அதைத் தாங்க முடியாமல்தான் ஆட்டோ ஏறினேன்.

ஊர் உனக்காகக் காத்திருக்கப் பழகியிருக்கலாம். பழகாமலும் போயிருக்கலாம். நீ அழுதுகொண்டு நின்ற பள்ளி வாசலில் எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். ஊரைப் பழக்க எனக்குத் தெரியாது. உன் பெயரைச் சொல்லத் தெரியும், சொன்னேன்.

இனி உன் காரியங்களில் நான் குறுக்கிடப் போவதில்லை. செயலாளர் பொறுப்பை நன்றாகச் செய்வாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெ. ஜெபராஜ்


புரோத்ராபூர்,
16 அக்டோபர் 2023

அன்பு அண்ணனுக்கு,

அந்த வாக்கியத்தை நான் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் பள்ளி வாசலில் உங்களுக்கும் சிறு வயதுதான் என்பதை இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

செயலாளர் ஆகிவிட்டேன். முதல் கூட்டத்திலேயே சண்டை. பம்பூஃபிளாட் படகுத்துறையில் சக்கர நாற்காலியை ஏற்றப் பலகை கேட்டு எழுத வேண்டும் என்கிறேன். அதெல்லாம் நடக்காது, படகுக்காரர்கள் சட்டுபுட்டென்று தூக்கிப் போட்டுவிடுவார்கள், பழகிக்கொள்ளுங்கள் என்கிறார்கள் சிலர். இவர்களோடு மல்லுக்கட்டி வீட்டுக்கு வந்தால் நாக்கு மரக்கட்டையாகிவிடுகிறது. சுதந்திரம் இவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

எழுதுங்கள்.

கேத்தி


புரோத்ராபூர்,
20 நவம்பர் 2023

அன்பு அண்ணனுக்கு,

இரண்டு கப்பல் வந்து போயின. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அண்ணியிடம் கேட்டேன். “நல்லாத்தான் இருக்காவ மக்கா. பேசுனா ரெண்டு வார்த்தை. நீ ஒண்ணும் நெனைக்காத” என்றார்கள்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். போன வியாழன் குளியலறையில் விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. இடுப்பில் ஊதா நிறத்தில் பெரிய ரத்தக்கட்டு. விழுந்தது காலையில். யாரும் வர மதியம் ஆகிவிட்டது. ஃபோன் கட்டில்மேல். கத்தினேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறது. நான் பாட்டுப் பாடுகிறேன் என்று நினைத்தார்களாம். செயலாளர் கூட்டத்துக்கு வரவில்லையே என்று சங்கத்துத் தங்கம்மா தேடி வந்ததால் தப்பித்தேன். வெள்ளைச்சாமி அண்ணன் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு எல்லாரும் சேர்ந்து முறை வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் ஒருவர் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவது என்று. இதுவரை தவறவில்லை. நாளை ரெங்கம்மாவின் முறை. முகத்தை எப்படிப் பார்ப்பாய் என்றேன். “திட்டுவ இல்ல, அது போதும்” என்றாள்.

உங்களுக்கு எழுத வேண்டாம் என்றும் அவள்தான் சொன்னாள். “உன் அண்ணன் பாயிக்குச் சொன்னா மறுபடி கேஸ் போட்டுருவாரு” என்று. போடலாம். விழுவாள் என்று நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது.

ஆனாலும் எழுதுகிறேன். காரணம் இதுதான். அந்த ஈரத் தரையில் கிடந்தபோது எனக்குப் பயமாக இருந்தது, அண்ணன். செத்துவிடுவேன் என்றல்ல. இப்படியே கிடந்து, நீங்கள் வந்து பார்க்கும்படி ஆகிவிடுமோ என்று. சங்கத்தில் இதைச் சொல்லவில்லை. அங்கே நான் செயலாளர். தைரியமாக இருக்க வேண்டும். அண்ணியிடம் சொன்னால் உடனே பெட்டி கட்டுவார்கள். சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

டெலானிபூருக்கு வரமாட்டேன். அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

கேத்தி


கேம்பல் பே,
2 டிசம்பர் 2023

அன்புத் தங்கை கேத்திக்கு,

கடிதம் வந்தது. எலும்பு முறியவில்லை என்பதற்கு ஆண்டவருக்கு நன்றி. ரத்தக்கட்டின் வலி குறையாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார். யாரிடம் காட்டுவது என்பதை நீ அறிவாய்.

மனு எதுவும் போடப் போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்தவுடன் ஒரு தாளை எடுத்து, குளியலறையின் படத்தை நினைவிலிருந்து வரைந்தேன். வாளிக்கு எதிர்ச்சுவரில், இடுப்பு உயரத்தில், துருப்பிடிக்காத குழாயில் ஒரு கைப்பிடி. அளவுகள் எல்லாம் குறித்தாயிற்று. விடுப்பில் வரும்போது கொண்டுவந்து பொருத்திவிடலாம் என்று குழாய் வாங்க இங்குள்ள கடைவரை போனேன். கடைக்காரர் எத்தனை அடி என்று கேட்டார். சொல்ல வாய் எடுத்தவன், பிறகு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். படத்தையும் இத்துடன் அனுப்பவில்லை.

நீ விழுந்தபோது எதைப் பிடிக்கப் போனாய், உன் கை எந்தச் சுவரை நாடிற்று, எந்த உயரத்தில் வழுக்கிற்று என்பது எனக்குத் தெரியாது. கைப்பிடி வேண்டுமா என்பதும் தெரியாது. வேறு ஏதாவது வேண்டியிருக்கலாம். எழுது.

கப்பல் ஒன்பதாம் தேதி புறப்படுகிறது. அதற்குள் உன் பதில் வந்து சேராது. அவசரமில்லை. விடுப்பை அடுத்த கப்பலுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

அண்ணன்,
ஜெபராஜ்